240 இசட்: எந்த மாசத்து ஒரிஜினலுக்குக் கொண்டு போறது?

கேள்வி — 2023 மார்ச் 4

1971 டட்சன் 240 இசட் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. முன்னாடி வச்சிருந்தவர் 280 இசட் இன்ஜின் போட்டு, மூணு வெபர் கார்ப்பரேட்டர் மாட்டி, நாலு வீலுக்கும் மேல வளைவை அகலமாக்குற ஃபைபர் ஃப்ளேர் வச்சு ரிவெட் அடிச்சு, வண்டி முழுக்க சிவப்பு அடிச்சு வச்சிருக்கார். ஓடுது, நல்லாவே ஓடுது. ஆனா எனக்கு ஃபேக்டரில இருந்து இறங்குன மாதிரியே வேணும். முதல்ல மொத்த பெயின்டையும் உரிச்சு சாண்ட் பிளாஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமா?

2023 மார்ச் 4, ராத்திரி

உரிக்காதீங்க. ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாதீங்க. முதல்ல டிரைவர் பக்கக் கதவைத் தொறந்து ஜாம்ப்ல, அதாவது கதவு வந்து மூடுற சட்டத்துல, ஒட்டியிருக்கிற தகட்டுல வண்டி செஞ்ச மாசம் என்னன்னு பாருங்க. 71-ன்னு மட்டும் சொன்னா பத்தாது, மாசம் வேணும். இந்த வண்டியை நிஸான் (டட்சன் அவங்க பிராண்டுதான்) 1969 அக்டோபர்ல ஜப்பான்ல ஃபேர்லேடி இசட்னு காட்டுச்சு, வெளிநாட்டுக்கு 240 இசட்னு அனுப்புச்சு. 73 வரைக்கும் அந்த பேர்ல வந்துச்சு. அந்த நாலு வருஷத்துல மாசா மாசம் எதையாவது மாத்திக்கிட்டே இருந்தாங்க. வருஷ மாடல்னு ஒரு கோடு போட்டு மாத்தல, ஓடுற லைன்லயே மாத்துனாங்க. அதனால "ஃபேக்டரில இருந்து இறங்குன மாதிரி"ன்னா எந்த மாசம் இறங்குன மாதிரின்னு கேள்வி வருது. பின்னாடி டிக்கி கதவுல காத்துப் போக்கி ரெண்டு இருந்தா பழசு. 71 ஆரம்பத்துல அதை எடுத்துட்டு பக்கவாட்டு பில்லர்ல வட்டமா இசட் எழுத்து போட்ட எம்பளத்துக்குள்ள வச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி அதே பில்லர்ல 240 இசட்னு எழுத்து மட்டும் இருக்கும்.

இன்னும் ஒண்ணு, பின்னாடி கண்ணாடியில பனி மூட்டம் போக்குற டீஃபாகர் கோடு எந்த வாட்டத்துல ஓடுதுன்னு பாருங்க. ஆரம்ப வண்டிகள்ல நெட்டுக்குத்தா இருக்கும், அப்புறம் வந்ததுல படுக்கை வாட்டம்.

2023 மார்ச் 5

தகட்டுல மூணாவது மாசம் 71-ன்னு போட்டிருக்காம். பில்லர்ல வட்ட எம்பளம் இருக்காம். ஆனா டிக்கியிலயும் காத்துப் போக்கி இருக்காம், கோடு நெட்டுக்குத்தா ஓடுதாம். "ரெண்டும் இருந்தா அபூர்வ வண்டியா?"ன்னு கேக்குறார்.

அபூர்வம் எல்லாம் இல்ல பாஸ். உங்க டிக்கி கதவு வேற வண்டியோடது. ஒருத்தர் எதுக்கு டிக்கி கதவை மாத்துவார்? பின்னாடி இடி வாங்கியிருக்கும். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி டெயில் லைட்டுக்குக் கீழ இருக்கிற பேனல்ல இடமிருந்து வலமா மெதுவா நகர்த்திப் பாருங்க. எங்க பிடிமானம் விடுதோ அங்க பட்டி இருக்கு. அப்புறம் ஸ்டெப்னி வைக்கிற குழியை உள்ள இருந்து பாருங்க, வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளில இருக்கா, இல்ல யாரோ கையால தையல் போட்ட மாதிரி கோணல் மாணலா இருக்கான்னு.

2023 மார்ச் 5, கொஞ்ச நேரம் கழிச்சு

காந்தம் நிக்கவே இல்லையாம். சரி. இப்ப தெரியுதா ஏன் உரிக்க வேணாம்னு சொன்னேன்னு. உரிச்சிருந்தா பட்டி எங்க இருந்துச்சு, எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாங்க, எந்தப் பக்கம் அடி வாங்குச்சுன்னு ஒரு தடயமும் மிஞ்சாது. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. கழட்டும்போதும் எடுங்க. வயரை எந்தப் பக்கம் வளைச்சு க்ளிப் போட்டிருக்காங்கன்னு நாலு மாசம் கழிச்சு உங்க மூளைக்கு ஞாபகம் இருக்காது.

2023 மார்ச் 11

நம்பர் விஷயம். சேஸிஸ் நம்பர் டேஷ்போர்டு மேல ஒரு தகட்டுல இருக்கும், இன்ஜின் ரூமையும் உள் பக்கத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டுல அடிச்சிருக்கும். இடது கை டிரைவ் வண்டின்னா எச்எல்எஸ்30-ன்னு ஆரம்பிக்கும், வலது கைன்னா எச்எஸ்30. இன்ஜின் ரூம்ல இன்னொரு தகடு இருக்கு, அதுல அந்த வண்டியோட பொறந்த இன்ஜின் நம்பரும் இருக்கும். அதை பிளாக்ல அடிச்ச நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. உங்க கேஸ்ல ஒத்துப் போகாது, ஏன்னா 240 இசட்டோட எல்24 போய், இருக்கிறது 280 இசட்டோட எல்28.

எல்24, எல்28 ரெண்டையும் பக்கத்துல வச்சாலும் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. எல்24 போர் 83 மில்லி, ஸ்ட்ரோக் 73.7, மொத்தம் 2393 சிசி. எல்28 போர் 86, ஸ்ட்ரோக் 79, 2753 சிசி. மௌன்ட் ஒண்ணு, கியர் பாக்ஸ் மாட்டுற இடம் ஒண்ணு, அதனாலதான் உலகம் முழுக்க 240 இசட்டுக்குள்ள எல்28 உக்காந்திருக்கு. யாரும் தப்பு சொல்ல முடியாது, இழுவை நல்லா இருக்கும்.

ஒரு எல்24 தேடுறதா இருந்தா ஹெட்டையும் பாருங்க. ஆரம்பத்துல ஈ31 ஹெட், அப்புறம் ஈ88. உங்க மாசத்துக்கு எது சரின்னு அதே மாசம் இறங்குன, கை படாத வண்டி ரெண்டு மூணைப் பாத்து முடிவு பண்ணுங்க.

அப்புறம் யாராவது "பழைய நம்பரை தேய்ச்சுட்டு உங்க நம்பரை அடிச்சுத் தரேன்"னு வருவான். துரத்திடுங்க. அது ரெஸ்டோரேஷன் இல்ல, மோசடி. பல ஊர்ல சட்டப்படியே குத்தம்.

2023 மார்ச் 12

கடிகாரம் ஓடலைன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 240 இசட் கடிகாரம் ஓடாம இருக்கிறதுதான் ஒரிஜினல். உள்ள இருக்கிற எண்ணெய் காஞ்சு பசையாயிடும். கழட்டி துடைச்சு ஒரு சொட்டு கடிகார எண்ணெய் விட்டா கொஞ்ச காலம் ஓடும்.

2023 மார்ச் 26

துரு. இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிக்காது, பரவால்ல.

அந்தக் காலத்து ஜப்பான் வண்டித் தகடுக்கு துத்தநாகப் பூச்சு எல்லாம் கிடையாது. தகடு மேல தகடு வச்சு ஸ்பாட் வெல்டிங் பண்ண இடத்துல நடுவுல பெயின்ட்டும் போகாது, தண்ணி மட்டும் போகும். அதனால வெளிய ஒரு கொப்புளம் தெரிஞ்சா உள்ள ஒரு உள்ளங்கை அளவு போயிருக்குன்னு வச்சுக்கோங்க. முதல்ல பேட்டரி ட்ரே. ஆசிட் ஒழுகி ட்ரேயைத் தின்னுட்டு கீழ ஃப்ரேம் ரெயிலுக்குப் போயிடும். அப்புறம் ஃப்ளோர். அப்புறம் கதவுக்குக் கீழ ராக்கர், கதவுக்குப் பின்னாடி ராக்கரும் பின் மட்கார்டும் சேர்ற மூலை, பின் வீல் வளைவு, முன் கண்ணாடிக்குக் கீழ காத்து வாங்குற கௌல், டிக்கிக் கண்ணாடி பீடிங்குக்கு அடியில. கௌல்தான் மோசம். வெளிய தெரியாது, மழை பெஞ்சா கால் நனையும், அப்பதான் தெரியும்.

உங்க வண்டில ஃப்ளேர் இருக்கு. முன் ஃபெண்டர் போல்ட்டுல நிக்குது, மோசமா இருந்தா வேற ஃபெண்டர் மாட்டிக்கலாம். பின்னாடி அப்படி இல்ல, அது பாடியோட சேர்ந்த பேனல். ஃப்ளேர் மாட்டுறவங்க பெரிய டயர் உள்ள போகணும்னு பின் வீல் வளைவோட உதட்டை வெட்டிடுவாங்க, வெட்டுனா வெளித் தகடும் உள் தகடும் பிரிஞ்சு நிக்கும், சிலர் அதைத் திரும்ப வெல்டு கூட பண்ணாம சிலிகான் அடைச்சு ஃப்ளேரால மூடிடுவாங்க. ஒரு ரிவெட்டைத் துளைச்சு எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. உங்க மொத்த பட்ஜெட்டும் அந்த ஓட்டைலதான் இருக்கு. ஒரிஜினலுக்குப் போக முடியுமா, முடியாதான்னு முடிவு பண்றது இன்ஜினோ கார்ப்பரேட்டரோ இல்ல, இதுதான்.

உள்ள ஃப்ளோர் மேல தார் ஷீட் ஒட்டியிருக்கும், சத்தம் குறைக்க. அதை ஹீட் கன் வச்சு சுரண்டாதீங்க, கையெல்லாம் பிசுபிசுன்னு ஆகி அன்னைக்கு முழுக்க அதே வேலையா இருக்கும். டிரை ஐஸ் வாங்கி மேல பரப்புங்க, தடிமனான கையுறை போட்டுக்கிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சு, ஏன்னா அது கார்பன் டை ஆக்சைடு, மூடுன இடத்துல மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்துல தார் உறைஞ்சு விறைச்சுடும். ரப்பர் சுத்தியால ஒரு தட்டு தட்டுனா பாளம் பாளமா விரிஞ்சு எகிறும். அடியில ஃபேக்டரி பெயின்ட் புதுசா அப்படியே நிக்கும் சில இடத்துல, சில இடத்துல பழுப்புத் தூள் மட்டும்தான் வரும். ரெண்டுமே போட்டோ எடுங்க.

2023 ஏப்ரல் 2

சாண்ட் பிளாஸ்ட் ஏன் வேணாம்னு திரும்பக் கேக்குறாங்க. முழுசா வேணாம்னு சொல்லல. சஸ்பென்ஷன் ஆர்ம், பிராக்கெட், கிராஸ் மெம்பர் மாதிரி கெட்டியான சாமானுக்கு தாராளமா பண்ணுங்க. பானட், கூரை, கதவுத் தோல் மாதிரி அகலமான மெல்லிசு தகடுல மணல் வேகமா அடிச்சா தகடு நீண்டு அலை அலையா ஆயிடும், அதை நிமித்துறதுக்கு டிங்கர் கண்ணீர் விடுவார். ஆசிட் தொட்டில முக்குறதும் நல்ல வழி மாதிரி தெரியும், ஆனா தகடு மடிப்புக்குள்ள போன ஆசிட்டை நல்லாக் கழுவி எடுக்கலைன்னா பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம் கழிச்சு அந்த மடிப்புல இருந்து கசிஞ்சு பெயின்டைத் தூக்கும். அகலத் தகடுக்கு பெயின்ட் ரிமூவர், பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், பொறுமை. மூணாவதுதான் எங்கயும் கிடைக்காது.

2023 ஏப்ரல் 20

கலர் கண்டுபிடிச்சுட்டார்! டேஷ்போர்டுக்கு அடியிலயும் டெயில் லைட்டைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னாடியும் ஆரஞ்சு. 918. அந்த வண்டிக்கு வந்ததுலயே நல்ல கலர் அது, என் கருத்து. சிவப்பும் ஃபேக்டரி கலர்தான், 110, ஆனா இந்த வண்டிக்கு இல்ல. இன்ஜின் ரூமும் பாடி கலர்லதான் ஃபேக்டரில அடிப்பாங்க, அதனால பாதியில சிவப்பு அடிச்சவர் இன்ஜினை இறக்காம அடிச்சாரா, இறக்கிட்டு அடிச்சாரான்னு இன்ஜின் ரூம் மூலையைப் பாத்தாலே தெரியும்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் காலத்து சாலிட் கலருக்கு மேல கிளியர் கோட் கிடையாது, கலரே மேல் பூச்சு. இப்ப இருக்கிற பெயின்டர்கிட்ட கொடுத்தா நாலு கோட் கிளியர் அடிச்சு தண்ணிப் பேப்பர் போட்டு கண்ணாடி மாதிரி பண்ணித் தருவார், பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா 71-ல ஒரு 240 இசட்டும் அப்படி இறங்கல. ஃபேக்டரி பெயின்ட்ல ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிசா சொரசொரப்பு இருந்துச்சு, கதவு இடைவெளி கூட ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்திருக்காது. 3,526 டாலருக்கு அமெரிக்காவுல வித்த வண்டி இது, ஜாகுவாரோட வேலைப்பாடு வேணும்னா ஜாகுவார் வாங்கணும்.

நான் என் வண்டிக்கு சிங்கிள் ஸ்டேஜ், அதாவது கிளியர் இல்லாத பெயின்ட், அடிச்சேன். பாக்குறவங்க எல்லாம் "பெயின்ட் எப்ப ஃபினிஷ் பண்ணப் போறீங்க"ன்னு கேப்பாங்க.

2023 ஏப்ரல் 21

"கண்ணாடி மாதிரி பளபளப்புக்கு ஆசைப்பட்டா என்ன தப்பு, என் காசு"ன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார். தப்பே இல்ல. உங்க வண்டி, உங்க காசு. கேள்வி ஃபேக்டரி மாதிரின்னு வந்துச்சு, அதுக்குத்தான் பதில் எழுதினேன்.

2023 மே 14

பின் சஸ்பென்ஷன் கழட்டப் போறேன்னு சொல்லியிருக்கார். ஸ்பிண்டில் பின்னைப் பத்தி யாரும் எச்சரிக்கை பண்ணலையா?

பின் வீல் ஹப் ஹவுசிங்கையும் கீழ ஆர்மையும் சேர்க்கிற நீளமான பின் அது. ஆர்மோட ரெண்டு புஷ்ஷையும் ஊடுருவிக்கிட்டு போகும். நடுவுல ஒரு பூட்டுப் பின் குறுக்க இருக்கும், அதை முதல்ல எடுக்கணும். அதை எடுக்காம சுத்தியால அடிச்சு பின்னோட மரையைப் பூ மாதிரி விரிச்சவங்க எண்ணிக்கை தெரியாது. எடுத்த பிறகும் வராது. அம்பது வருஷத் துரு பின்னையும் புஷ் ஸ்லீவையும் ஒண்ணாக்கியிருக்கும். துரு எண்ணெய் விட்டு ஒரு வாரம் தினமும் நனைச்சு வைங்க, சூடு காட்டுங்க, அப்புறம் மரையைப் பிடிச்சு இழுக்கிற புல்லர் இருக்கு, கடனாவது வாங்குங்க. நான் புல்லர் இல்லாம ஹைட்ராலிக் பிரஸ்ல வச்சேன், ஒரு பக்கம் வந்துச்சு, இன்னொரு பக்கம் பெருஞ்சத்தத்தோட பின் வளைஞ்சு நின்னுச்சு, கடைசியில புஷ்ஷுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல ரம்பத்தை விட்டு அறுத்துதான் எடுத்தேன். அறுக்கிறது கேவலம் இல்ல. பின் புதுசு கிடைக்குது, ஹவுசிங் கிடைக்கிறதுதான் கஷ்டம், அதை உடைச்சுடாதீங்க.

திரும்ப மாட்டும்போது பின் முழுக்க, திரும்ப இறுகிப் பிடிக்காம இருக்க, ஆன்டி சீஸ் பசை பூசுங்க. ஃபேக்டரியில பூசியிருக்க மாட்டாங்க, இருந்தாலும் பூசுங்க. இந்த இடத்துல மட்டும் எனக்கு ஒரிஜினல் வேணாம்.

2023 ஜூன் 3

போல்ட்டு நட்டு. இதை யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க. புது போல்ட்டு பெட்டி பெட்டியா வாங்கிப் போட்டுடுவாங்க, அப்புறம் பானட்டைத் தொறந்தா ஏதோ இடிக்குது, என்னன்னு சொல்லத் தெரியாது. பழைய போல்ட்டுத் தலையில 4, 7, 9-ன்னு பல ரகத்துக்குக் குறி இருக்கும், அது பலத்தோட தரம். மேல மஞ்சளா, வெளிச்சத்துல பச்சையும் ஊதாவும் மினுங்குற துத்தநாகப் பூச்சு. அதே போல்ட்டையே சுத்தம் பண்ணி திரும்ப பிளேட்டிங் பண்ணலாம்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, பிளேட்டிங் பண்றவங்ககிட்ட கொடுக்கும்போது எல்லாத்தையும் கட்டம் போட்ட தாள்ல பரப்பி போட்டோ எடுத்து, எடையும் போட்டு கொடுங்க. நான் கொடுத்த இடத்துல பாலிஷ் போட்டு தலைக் குறியெல்லாம் வழவழன்னு ஆக்கிட்டாங்க, சின்ன க்ளிப் பாதி திரும்பி வரவே இல்ல, கேட்டா "தொட்டியில விழுந்திருக்கும் சார்". ரெண்டாவது இதைவிட முக்கியம். பலமான எஃகு போல்ட்டை ஆசிட்ல கழுவி பிளேட்டிங் பண்ணும்போது ஹைட்ரஜன் உள்ள ஏறிடும், பாக்க நல்லா இருக்கும், ஒருநாள் சுமையில பட்டுன்னு உடையும். பிளேட்டிங் முடிஞ்ச கையோட 200 டிகிரி பக்கத்துல சில மணி நேரம் சூளையில வைக்கணும். வைப்பாங்களான்னு கேட்டு உறுதி பண்ணுங்க. உறுதி இல்லைன்னா ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் போல்ட்டை அங்க கொடுக்காதீங்க, அதே தரத்துல புதுசே போடுங்க.

2023 ஜூன் 4

நேத்து விட்டுப் போச்சு, ஸ்க்ரூ. ஸ்க்ரூத் தலை சிதைஞ்சு போச்சுன்னு நிறைய பேர் புலம்புறாங்க. கார்ப்பரேட்டர்ல, கதவுப் பூட்டுல, டெயில் லைட்ல இருக்கிற கூட்டல் குறி ஸ்க்ரூ பிலிப்ஸ் கிடையாது, ஜப்பானோட ஜிஸ் தரம். பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்துல முழுசா உக்காராது, திருகும்போது வழுக்கி மேல ஏறும், ரெண்டு தடவை வழுக்குனா தலை போச்சு. ஜிஸ் டிரைவர் ஒரு செட் வாங்குங்க. தலைல ஒரு ஓரமா சின்னப் புள்ளி இருந்தா அது ஜிஸ்தான், புள்ளி இல்லாமலும் இருக்கலாம். இது ஒண்ணு தெரிஞ்சாலே ஜப்பான் வண்டி மேல பாதி கோவம் போயிடும், பைக்குக்கும் சேர்த்து.

2023 ஜூலை 9

கார்ப்பரேட்டர் நேரம்.

மூணு வெபரை வித்துடலாமான்னு வண்டிக்காரர் முன்னாடியே கேட்டார், நான் பதில் சொல்லல, ஏன்னா எனக்கே ரெண்டு மனசு. ஒரிஜினல்னா ரெண்டு ஹிட்டாச்சி, இங்கிலாந்து எஸ்யூ கார்ப்பரேட்டர் மாதிரி வேலை செய்யுற உருண்டைத் தலை. 70, 71-ல நாலு ஸ்க்ரூ வச்சது, 72-ல மூணு ஸ்க்ரூ. 73-ல புகைக் கட்டுப்பாட்டுக்காக தட்டைத் தலை கார்ப்பரேட்டர் வந்துச்சு. சூடானா மக்கர் பண்ணும்னு பேர் கெட்டுப் போய், வாங்குனவங்களே அதைக் கழட்டிட்டு பழைய உருண்டைத் தலையை மாட்டிக்கிட்டாங்க. அதனால 73 வண்டி வச்சிருக்கிறவருக்கு ஒரிஜினலுக்குப் போறதுன்னா சூட்டுல நிக்கிற வண்டிக்குப் போறதுன்னு அர்த்தம். நீங்க 71, தப்பிச்சீங்க.

"ஜப்பான்ல மூணு கார்ப்பரேட்டர் ஃபேக்டரிலயே வந்துச்சே"ன்னு யாரோ எழுதியிருக்காங்க. வந்துச்சு, ஆனா அது இசட் 432. அதுல இருந்தது எஸ்20, ரெட்டை கேம், 24 வால்வ், 2 லிட்டர், மூணு மிக்குனி கார்ப்பரேட்டர். நானூத்தி சொச்சம் வண்டிதான் செஞ்சாங்க. அதைக் காட்டி எல்28 மேல வெபர் வச்சதை நியாயப்படுத்த முடியாது.

பழைய ஹிட்டாச்சி வாங்குறப்ப பாக்க வேண்டியது: த்ராட்டில் ஷாஃப்ட்டை மேல கீழ ஆட்டிப் பாருங்க, ஆடுனா அந்த இடைவெளில காத்து உறிஞ்சும், எவ்வளவு ட்யூன் பண்ணாலும் ஐடில் நிக்காது. மேல டோமுக்குள்ள இருக்கிற பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க, டக்குன்னு சத்தத்தோட அடியில விழணும். தயங்கித் தயங்கி இறங்குனா ஊசி ஜெட்ல உரசுது. டோமும் பிஸ்டனும் ஜோடி, ஒண்ணோடத இன்னொண்ணுல போடாதீங்க. டேம்பர்ல எண்ணெய் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி தடுமாறும், அதுக்கு ஆயிரம் காரணம் தேடுவீங்க. டோமை பஃப் போட்டு கண்ணாடியாக்காதீங்க, அது சாதா அலுமினியமா மங்கலா இருக்கணும்.

வெபரை விக்காதீங்க. டப்பால போட்டு வைங்க. ஓடுற செட்டு, எப்பவும் கேக்க ஆள் இருக்கும்.

2023 ஆகஸ்ட் 6

வயரிங்கைப் பத்தி சுருக்கமா. ஹெட்லைட் கரன்ட் மொத்தமும் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற ஸ்விட்ச் வழியா போகுது, ரிலே கிடையாது. பார்க்கிங் லைட் ஃப்யூஸ் பிடிக்கிற க்ளிப் சூடாகி ஃப்யூஸ் பாக்ஸே உருகும். இதுல ஒரிஜினல் வெறி வேணாம். ஸ்விட்ச்சைத் தொடாம, ஃபேக்டரி கனெக்டர்லயே நடுவுல சொருகுற மாதிரி ரிலே வயரிங் பண்ணி கண்ணுக்குத் தெரியாத இடத்துல வைங்க. ஒரு வயரையும் வெட்டாதீங்க. நாளைக்கு யாராவது பிடுங்கி எறிஞ்சா பழைய நிலைக்கு வரணும். டிஸ்ட்ரிப்யூட்டர்ல பாயின்ட்டுக்குப் பதிலா மூடிக்குள்ளயே அடங்குற எலக்ட்ரானிக் பிக்கப்பும் அதே கணக்குதான்.

2023 ஆகஸ்ட் 27

"இவ்வளவு பாடுபட்டா விலை ஏறுமா?"

2020 ஜனவரில அமெரிக்காவுல ஆன்லைன் ஏலத்துல ஒரு 71 மாடல் 3,10,000 டாலருக்குப் போச்சு. எல்லாரும் அதைக் காட்டித்தான் கனவு காண்றாங்க. அந்த வண்டி ரெஸ்டோர் பண்ணதே கிடையாது, கொஞ்சமா ஓடி, கை படாம நின்ன வண்டி. நாம எவ்வளவு உழைச்சாலும் அந்த வரிசையில நிக்க முடியாது.

நிஸானே ஒரு தடவை இறங்கிப் பாத்தாங்க. 1997-ல அமெரிக்க நிஸான் பழைய 240 இசட்டுகளை வாங்கி, ஃப்ரேமில இருந்து புதுசாக்கி, டீலர் மூலமா 25,000 டாலர் பக்கத்துல வித்தாங்க. இருநூறு வண்டி பண்றதா பேச்சு, அம்பதைக் கூடத் தொடல. கம்பெனிக்கே கட்டுப்படியாகாத கணக்கு இது. இந்த வண்டியை அமெரிக்காவுக்குக் கொண்டு வரப் பாடுபட்ட யுடாகா கட்டயாமா 2015-ல 105 வயசுல போய்ச் சேர்ந்தார், மனுஷன் கடைசி வரைக்கும் இசட் கூட்டத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தார். லாபத்துக்காக ஆரம்பிச்சிருந்தா இப்பவே நிறுத்திடுங்க, வண்டி ஓடுற நிலையில இருக்கு, நல்ல விலை கிடைக்கும்.

2023 செப்டம்பர் 17

டேஷ்போர்டு வெடிப்பு. எல்லா 240 இசட்டுலயும் இருக்கு. இரும்பு ஃப்ரேம் மேல ஃபோம், அதுக்கு மேல வினைல், வெயில்ல சுருங்கி மீட்டர் குழி பக்கத்துல வாயைப் பிளக்கும். மேல ஒட்டுற பிளாஸ்டிக் மூடி வாங்காதீங்க, தூரத்துல இருந்தே தெரியும், ஒட்டுன பசை பழைய வினைலையும் கெடுக்கும். வெடிப்பு சின்னதுன்னா அகலமா வெட்டி, வளையுற ரக எபாக்ஸி நிரப்பி, தேய்ச்சு, ஸ்ப்ரேல அந்த மணி மணியான டெக்ஸ்ச்சரைக் கொண்டு வரலாம். ஃபில்லர் கெட்டியா இருந்தா அடுத்த வெயில்ல பக்கத்துல புதுசா வெடிக்கும். முழுசா வெடிச்சிருந்தா மேல் தோல் மாத்தித் தர்றவங்ககிட்ட அனுப்புங்க. ஒரு சின்ன வெடிப்பை அப்படியே விட்டுட்டாலும் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

2023 அக்டோபர் 8

ஜப்பான் கம்பெனிங்க இப்ப பழைய வண்டிக்கு பார்ட்ஸ் செய்யுறாங்களே, இசட்டுக்கும் வருமான்னு கேள்வி. நிஸ்மோ ஹெரிடேஜ் பார்ட்ஸ் 2017 கடைசியில ஆர்32 ஜிடி-ஆர்ல ஆரம்பிச்சு, அப்புறம் ஆர்33, ஆர்34-க்கு வந்துச்சு. டொயோட்டா 2000ஜிடிக்கும் பழைய சூப்ராவுக்கும் செய்யுது. ஹோண்டா ரொம்ப காலமாவே என்எஸ்எக்ஸை ஃபேக்டரிக்கு வாங்கி ரிஃப்ரெஷ் பண்ணித் தருது. எனக்குப் பிடிச்சது மாஸ்டா. முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு ரெஸ்டோர் திட்டம் போட்டப்ப பிரிட்ஜ்ஸ்டோனைப் பிடிச்சு அந்தக் காலத்து டயரையே அதே பேட்டர்ன் வடிவத்துல திரும்ப செய்ய வச்சாங்க. டயர் வரைக்கும் யோசிச்சாங்க பாருங்க.

உங்களுக்கு வேண்டியது 14 இஞ்ச் இரும்பு வீல், நாலரை இஞ்ச் அகலம், மேல ஹப் கேப், 175 டயர். இப்ப அந்த வண்டிய பாத்தா சப்பையா தெரியும், ஃப்ளேரும் அகல டயரும் பாத்துப் பழகுன கண்ணுக்கு. ஒரு மாசம் ஓட்டுங்க. ஸ்டியரிங் எவ்வளவு லேசாச்சுன்னு நீங்களே எழுதுவீங்க.

2023 நவம்பர் 19

பின் வீல் வளைவு ரெண்டும் வெல்டிங் முடிஞ்ச போட்டோ பாத்தேன். சுத்தமான வேலை. உள் தகடையும் வெளித் தகடையும் சேர்த்து மடிச்சு புள்ளி புள்ளியா ஒட்டியிருக்கார், பட்டி குறைவு. டெயில் பேனலும் மாத்தியாச்சு. டிக்கி கதவு விஷயமும் தீர்ந்துச்சு: 70 மாடல் வச்சிருக்கிற ஒருத்தர் அவர் வண்டில பின்னால வந்த காத்துப் போக்கி இல்லாத கதவு மாட்டியிருக்காராம், ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாங்க. பழைய ரகம்தான் கிடைக்கிறது கஷ்டம், அதனால அந்த 70 வண்டிக்காரர் கூடவே ரெண்டு ஹப் கேப்பும் சேர்த்துக் கொடுத்திருக்கார். இவர் ஒரு ரூபாய் செலவு பண்ணல.

2023 நவம்பர் 20

இன்ஜின் பத்தி என் மனசு மாறிடுச்சு. மார்ச்ல ஒரு எல்24 தேடுங்கன்னு எழுதினேன். இவ்வளவு மாசம் தேடி கிடைச்சது ஒண்ணு ஹெட் வெடிச்சது, இன்னொண்ணு 73-ஓடது. இவர் எல்28-ஐப் பிரிச்சுப் பாத்தா கம்ப்ரஷன் ஆறு சிலிண்டர்லயும் ஒரே மாதிரி, பேரிங் தேய்மானம் ஒண்ணும் பெருசா இல்ல. சூட்டுல இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.30 மில்லி வால்வ் கேப் வச்சா அமைதியா ஓடுது. பொறந்த இன்ஜின் எப்படியும் போயாச்சு. வேற யாரோட எல்24-ஐ போட்டாலும் அது இந்த வண்டியோட இன்ஜின் ஆகாது. அப்ப நல்லா இருக்கிற எல்28-க்கு நீல பெயின்ட் அடிச்சு, உருண்டைத் தலை ரெண்டை மாட்டி, பேப்பர்ல எல்28-ன்னு நேர்மையா எழுதி வச்சுட்டு, சரியான மாசத்து எல்24 எப்ப கிடைக்குதோ அப்ப வாங்கி ஓரமா வைக்கட்டும். இன்ஜின் ஒரு வார வேலை, எப்ப வேணா மாத்தலாம். வெட்டுன தகடுதான் மாத்த முடியாதது, அது முடிஞ்சது.

ஒரிஜினல் வெறி பிடிச்சவங்க திட்டுவீங்கன்னு தெரியும். திட்டுங்க.

2023 நவம்பர் 22

திட்டு வந்துச்சு. ஒருத்தர் நியாயமா ஒரு பாயின்ட் சொல்லியிருக்கார்: எல்28-க்கு ஹிட்டாச்சியோட ஊசியை அப்படியே விட்டா மிக்ஸ்சர் பத்தாம போகலாம்னு. சரிதான், கொள்ளளவு அதிகம். பிளக் நிறத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க, வெளுத்திருந்தா கொஞ்சம் ரிச் பண்ணணும். சுமையில ஏத்தத்துல இழுத்துட்டு உடனே ஆஃப் பண்ணி பிளக்கைக் கழட்டிப் பாருங்க, ஐடில்ல ஓடவிட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது.

2024 ஜனவரி 14

ஓட ஆரம்பிச்சுடுச்சு, ஆனா உள்ள புகை வாடை தாங்க முடியலையாம். பின் பக்கம் அந்த மாதிரி சரிஞ்சு வெட்டுன மாதிரி முடியுற வண்டிக்கு ஓடும்போது பின்னாடி காத்தழுத்தம் குறையும், சைலன்ஸர் புகை அங்கயே சுத்தும், ஒரு ஓட்டை கிடைச்சா உள்ள வந்துடும். கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாததுங்கிறதால இதை லேசா விடக்கூடாது, கண்டுபிடிக்கிற வரைக்கும் தூரம் போகாதீங்க, உள்ள ஒரு சின்ன டிடெக்டர் வைங்க. முதல்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல இருந்து டெயில் பைப் வரைக்கும் கசிவு இருக்கான்னு பாருங்க. டெயில் பைப் பம்பரைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். அப்புறம் ராத்திரி ஒருத்தரை டிக்கிக்குள்ள டார்ச்சோட உக்கார வச்சு கதவை மூடுங்க, நீங்க வெளிய நின்னு வெளிச்சம் எங்க கசியுதுன்னு பாருங்க. டெயில் லைட் கேஸ்கெட், வயர் உள்ள போற ரப்பர் குரோமெட், ஸ்டெப்னி குழியில இருக்கிற ரப்பர் மூடி, டிக்கி பீடிங். கதவு மாத்தியிருக்கீங்க இல்ல, பீடிங் சமமா அமுங்குதான்னு ஒரு தாளை நடுவுல வச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுலபமா உருவுனா அந்த இடம்தான். மேல் கீல்ல ஷிம் சேர்த்து சரி பண்ணுங்க. பெட்ரோல் டேங்க் ஹோஸையும் ஒரு பார்வை பாருங்க, சிலருக்கு வந்தது புகையே இல்ல, பக்கவாட்டுப் பேனலுக்குப் பின்னாடி விரிஞ்சு போன ரப்பர் ஹோஸ்ல இருந்து வந்த பெட்ரோல் வாடை.